நீங்கள் பழுக்கவிடாத பேரிக்காய்

மச்சாள்,

இன்று காலையிலும் குசினிக்குள் ரோசாப்பூவின் மணம் நின்றது. ஆடி பிறக்கப்போகும் இந்தத் தென்கோளத்துக் கிரான்பர்ன் குளிரில் எந்த வீட்டு முற்றத்திலும் ரோசா இல்லை. மணம் மேசைமேல் இருந்த தட்டிலிருந்து வந்தது. தட்டில் ஏழு பேரிக்காய்கள். ஒன்றை எடுத்துக் காம்படியில் பெருவிரலால் அழுத்தினேன்; இசைந்து கொடுத்தது. குறுக்கே வெட்டினேன். விதையறையைச் சுற்றி, வெண்மைக்குள், இளஞ்சிவப்பு ஊறியிருந்தது.

ஆகவே, நான் சொன்னது சரி. ஐந்து ஆண்டுகளாக இந்த மேசையில் இருந்து நான் வாதாடியது அவ்வளவும் சரி. அதை ஒப்புக்கொள்ள வேண்டியவர் உலகத்தில் ஒருவரே. அவர் போய் ஓராண்டாகிறது. எதிராளி எழுந்து போன பின்னர் வெற்றி பெறுவது எவ்வளவு எரிச்சலூட்டும் காரியம் என்பதை யாரிடம் முறையிடுவது? உங்களிடமே முறையிடுகிறேன்.

நீங்கள் என் கணவரின் தமக்கை. ஆயினும் இந்த வீட்டுக்கு வந்துபோன அனைவருக்கும் நீங்கள் பொட்டனி ரீச்சர். பேராதனையில் பட்டம் பெற்று, யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகள் தாவரவியல் படிப்பித்து, ஓய்வுபெற்ற பின் எங்களோடு வாழ வந்தவர். நானோ பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலத்தை நான் கற்றது எங்கள் பகுதி நூலகத்தின் ஜன்னலோரக் கதிரையில், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு. அதைச் சொல்ல நான் ஒருபோதும் வெட்கப்பட்டதில்லை. நீங்களும் அதைச் சொல்லிக்காட்ட ஒருபோதும் தயங்கியதில்லை. "நீர் புத்தகம் வாசிச்சு மரம் வளர்க்கிற ஆள்" என்பீர்கள். வாசிக்காமல் வளர்ப்பது பெருமை என்பதுபோல.

பின்முற்றத்து மரம் நாங்கள் வீட்டை வாங்கியபோதே நின்றது. இப்பகுதி முழுவதும் ஒருகாலத்தில் தோட்டக்காணியாக இருந்தது என்றும், வீடுகள் எழும்பியபோது எப்படியோ தப்பிய மரம் அது என்றும் விற்றவர்கள் சொன்னார்கள். என்ன இனம் என்று அவர்களுக்கும் தெரியாது. மெலிந்து தொங்கும் கிளைகள். சித்திரை மாதத்தில், மற்றப் பேரி இனங்கள் எல்லாம் கடைக்கு வந்து ஓய்ந்த பிறகு, பச்சையாய், சிறிதாய், அடி பருத்து நுனி ஒடுங்கிய காய்கள். கடித்தால் பல் வலிக்கும். மரத்திலேயே விட்டால் வெள்ளைக் காக்கட்டூக் கிளிகள் கொத்திக் கொட்டுமே தவிரக் கனியாது.

நீங்கள் வந்த முதலாம் ஆண்டில் மரத்தடியில் நின்று ஒரு காயைக் கடித்துத் துப்பிவிட்டுத் தீர்ப்பு வழங்கினீர்கள். "இது தின்னுற காய் இல்லை. சமைக்கிற காய்." பட்டதாரி சொன்னபின் மேன்முறையீடு ஏது? அன்று மாலையே கடுகு அரைத்து, வினாகிரி விட்டு, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து அச்சாறு போட்டீர்கள். இரண்டு கிழமையில் ஸ்பிரிங்வேல் முதியோர் ஒன்றுகூடலில் அது புகழ்பெற்றது. எங்கள் மரத்துக்கு 'அச்சாறு மரம்' என்ற பெயரும் நிலைத்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. எந்த மனிதரும் அச்சாறுக்காக ஒரு பேரி மரத்தை நட்டிருக்கமாட்டார்கள் என்பது என் எளிய வாதம். இங்கே என் முதற்பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழுக்கவைத்துக் காட்டுகிறேன் என்று பத்துக் காய்களை அரிசி வாளிக்குள் புதைத்தேன். எங்கள் வீட்டில் மாங்காய் பழுத்தது அப்படித்தான். பத்து நாள் கழித்து நீங்களே வாளிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தீர்கள். தோல் சுருங்கி, றப்பர் போல வளைந்தது.

"அரிசிக்குள்ள வைச்சால் பழுக்க இதென்ன கறுத்தக்கொழும்பான் மாங்காயே?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் காயை வளைத்துக் காட்டினீர்கள். ஒரு மாதம் அதை எறியவும் இல்லை. தொலைபேசி மேசையில் வைத்திருந்தீர்கள்.

அந்த மாதந்தான் நான் நூலகத்தில் பழமரப் புத்தகங்களைத் தேடத் தொடங்கினேன். குளிர்காலப் பேரி என்றொரு வகை உண்டு என்பதை அங்கே அறிந்தேன். அது மரத்தில் கனிவதற்கென்று ஆனதன்று. வெப்பத்தில் வைத்தாலும் கனியாது. இலையுதிர்காலத்தின் கடைசியில் கல்லாகவே பறித்து, இரண்டு மூன்று மாதம் குளிரில் கிடத்தி, அதன் பிறகே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அப்போது ஒரு கிழமைக்குள் அது உள்ளிருந்து வெளிநோக்கிக் கனியும். மாங்காய்க்குச் சூடு எப்படியோ, இதற்குக் குளிர் அப்படி. நான் செய்தது நேர்எதிர். அதை வாசித்தபோது எனக்கு வெட்கத்தைவிட மகிழ்ச்சிதான் மிகுந்தது. காயில் பிழையில்லை, காலத்தில்தான் பிழை.

பின்னர் வடிவத்தையும், காம்படியில் படர்ந்த கபிலநிறச் சொரசொரப்பையும், தொங்கும் கிளையையும் வைத்து இனத்தையும் கண்டேன். ஜோசஃபின் த மாலின். மாலின் என்பது பெல்ஜியத்தில் ஒரு பழைய நகரம். அங்கே படைச்சேவையை விட்டு வந்த ஓர் அதிகாரி பேரி விதைகளை ஊன்றி, முளைத்தவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். பேரியின் விதை தாயைப்போல் பிள்ளையைத் தராது; ஒவ்வொரு விதையும் ஒரு புதிய மரம், பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாத மரம். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, அவற்றுள் ஒன்றில் இந்தக் காயைக் கண்டு, அதற்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். நெடுநாள் கெடாமல் கப்பற் பயணத்தைத் தாங்கும் என்பதால் இந்த விக்டோரியா மாநிலத்துத் தோட்டக்காரர்கள் இதை விரும்பி நட்டார்களாம். தசை வெண்ணெய் போன்றது. மணம் ரோசாப்பூவை ஒத்தது. நடுவில் இளஞ்சிவப்புப் படர்ந்திருக்கும். அந்தச் சிவப்புத்தான் ஐயத்துக்கிடமில்லாத அடையாளம்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிவந்து, இராப்போசனத்துக்கு முன்பாக உங்கள் எதிரே நின்று வாசித்தேன். நீங்கள் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தீர்கள்.

"மனிசியின்ர பேரைக் காய்க்கு வைச்சவனோ? என்ர தம்பி உம்மட பேரை ஒரு கத்தரிக் கண்டுக்காவது வைச்சவனோ?"

விறாந்தையில் இருந்து உங்கள் தம்பி குரல் கொடுத்தார். "கத்தரி காய்க்கேல்லை அக்கா, அதுதான் வைக்கேல்லை."

"சிரியாதையுங்கோ" என்றேன் நான். "மச்சாள், இது குளிரில கிடந்துதான் பழுக்கும். புத்தகத்தில இருக்கு."

"பழம் எண்டால் மரத்தில பழுக்கவேணும், இல்லாட்டிப் புகையில பழுக்கவேணும். பிரிட்ஜுக்குள்ள பழுக்கிற பழத்தை நான் ஏ-லெவலுக்குப் படிப்பிக்கேல்லை."

அத்தோடு என் ஆராய்ச்சி முடிவுற்றது. தாளை மடித்து மிளகாய்த்தூள் போத்தலுக்கு அடியில் வைத்தீர்கள்.

அதன்பின் வந்த ஆண்டுகளிலும் ஏதோ ஒன்று என் கையைப் பிடித்தது. ஒருமுறை காக்கட்டூக்கள் முந்திக்கொண்டன. இன்னொரு முறை, குசினிக் குளிர்சாதனப் பெட்டியில் நான் வைத்த காய்களை, மார்கழியில் நத்தார் விருந்துக்கு இடம் காணாதென்று, வந்தவர்களுக்கு நீங்கள் அள்ளிக் கொடுத்தீர்கள் என்றே இத்தனை நாளும் சொல்லித் திரிந்தேன். ஆனால் உண்மை என்னவென்றால் நத்தாருக்கு வெகு முன்பே, என் மகளின் பேறுகால உதவிக்காக நான் பேர்த் நகருக்குப் போயிருந்தபோது, அவை அங்கேயே மறக்கப்பட்டு அழுகின. அந்த ஒன்றில் உங்கள்மேல் குற்றமில்லை. பதிவு நேர்மையாக இருக்கட்டும்.

குற்றம் சென்ற ஆண்டில்தான்.

சென்ற ஆண்டு சித்திரையில் நாம் உடன்படிக்கை செய்தோம். ஒரு பெட்டி காய் கராஜில் உள்ள இரண்டாவது குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில், ஆடி மாதம் வரை. எவரும் தொடுவதில்லை. கனிந்தால், சிவந்தால், நீங்கள் உங்கள் மகளின் முன்னிலையில் 'நீர் சொன்னது சரி' என்று சொல்லவேண்டும். கனியாவிட்டால் நான் இனி உங்கள் முன்னால் மரஞ்செடி பற்றி வாய்திறப்பதில்லை. உங்கள் தம்பி சாட்சி. கையடித்துச் சத்தியம் செய்தீர்கள்.

ஆனி நடுப்பகுதியில் ஒருநாள் ஸ்பிரிங்வேலில் மரக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன். கடுகும் வினாகிரியும் மூக்கில் ஏறுகின்றன. குசினியில் நீங்கள் கதிரை போட்டு உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துச் சீவிக்கொண்டிருந்தீர்கள்.

"மச்சாள், அது கராஜ் பிரிட்ஜில இருந்த காயோ?"

"ஓம்."

"எல்லாத்தையும் எடுத்தனீங்களோ?"

"ஒன்றுகூடலுக்குக் கேட்டவை. அரைவாசியை எடுத்தால் ஆருக்குக் காணும்?"

"ஆடி வரைக்கும் தொடுறேல்லை எண்டு கையடிச்ச நீங்கள்!"

"ஆடிக்கு நான் இருப்பனோ இல்லையோ, ஆர் கண்டது?"

வயதானவர்கள் எதற்கெடுத்தாலும் வீசும் அந்த வசனம் எனக்கு அடங்காத கோபத்தை மூட்டியது. "இல்லாட்டி என்ன, ஒரு பழத்தை உங்கட பெட்டிக்குள்ள வைச்சு அனுப்பிவிடுறன்" என்றேன்.

நீங்கள் கத்தியை நிறுத்திவிட்டு உரக்கச் சிரித்தீர்கள். "பழுத்ததாப் பாத்து வைக்காதையும். பழுத்ததைத் தின்ன எனக்கென்ன பல்லுப் போயிட்டுதோ?"

நான் சிரிக்கவில்லை. மூன்று கிழமை உங்களோடு நேரே பேசவும் இல்லை. "இஞ்சருங்கோ, உங்கட அக்காவிட்டைச் சொல்லுங்கோ, தேத்தண்ணி மேசையில இருக்கு" என்பேன். "தம்பி, உன்ர மனிசியிட்டைச் சொல்லு, சீனி காணாது" என்பீர்கள். இருவருக்கும் நடுவில் அவர் தொலைபேசிக் கம்பிபோல் இருந்தார். நீங்கள் அந்த விளையாட்டை இரசித்தீர்கள் என்றே இப்போது தோன்றுகிறது. நான் இரசிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேசையில் தேத்தண்ணி ஆறியது. சீனி காணாது என்ற சொல் வரவில்லை. அறைக்குள் போய்ப் பார்த்தவளும் நானே.

உங்கள் சவப்பெட்டியின் அருகே நின்றபோது நான் வீசிய அந்த வசனம் திரும்பத் திரும்ப வந்தது. வைப்பதற்கு என் கையில் ஒரு காய்கூட இல்லை. எல்லாவற்றையும் நீங்கள் சீவிவிட்டிருந்தீர்கள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பதென்று எவருமே எனக்குக் கற்பிக்கவில்லை.

இந்த ஆண்டு சித்திரையில் ஒரு பெட்டி பறித்து அதே அடித்தட்டில் வைத்தேன். எவரும் தொடவில்லை. தொடுவதற்கு எவரும் இல்லை. உங்கள் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு எட்டு நாள் முன்பாக வெளியில் எடுத்தேன். ஆறாம் நாள் மணம் கிளம்பியது. திவசத்தன்று விடியற்காலையில், படையலுக்காக முதற்பழத்தை வெட்டினேன். சிட்னியில் பரமட்டாவுக்கு அருகே மருத்துவமனையில் வேலைசெய்யும் உங்கள் மகள் முதல்நாளே வந்து என்னருகே வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பைக் கண்டதும் நான் தட்டை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"பார் பிள்ளை. பார்! கொம்மா கடைசி மட்டும் ஒத்துக்கொள்ளேல்லை."

அவள் ஒரு துண்டை வாயில் போட்டாள். "வாவ். பெர்ஃப்யூம் மாதிரி. ஆனால் மாமி, அம்மாக்குத் தெரியும்தானே?"

"என்ன தெரியும்?"

"இது பழுக்கும் எண்டு. ஷீ டோல்ட் மீ. ஒவ்வொரு சனிக்கிழமையும் போன்ல உங்கட கதைதான். 'உன்ர மாமி கண்டுபிடிச்சிட்டா, அது ஜோசஃபின்தான், நான் பட்டம் எடுத்தும் எனக்குப் பிடிபடேல்லை' எண்டு சொன்னவ. உங்களுக்குச் சொல்லேல்லையா?"

நான் கத்தியைக் கீழே வைத்தேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் உங்கள் ஒன்றுகூடல் தோழி. ஸ்பிரிங்வேலில் மளிகைக்கடை வைத்திருப்பவர். அவரும் நிமிர்ந்து, "ஓம் ஓம், எனக்கும் சொன்னவ. தம்பியின்ர மனிசிக்குத் தன்னைவிட மூளை எண்டு கடையில நிண்டு சொன்னவ" என்றார்.

நான் விறாந்தைக்குப் போனேன். உங்கள் தம்பி பூமாலை கட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் தெரியுமோ?"

அவர் மாலையையே பார்த்தார். "அக்கா சொல்லவேண்டாம் எண்டவ."

"ஏனாம்?"

"சொன்னால் நீர் வாதாடுறதை விட்டிடுவீராம். பேந்து இந்த வீட்டில கதைக்க ஆர் இருக்கினம் எண்டு கேட்டவ."

மச்சாள், எண்ணிப் பார்க்கிறேன். மகளுக்குச் சொன்னீர்கள். தம்பிக்குச் சொன்னீர்கள். மளிகைக்கடையில், அரிசி மூட்டைகளின் நடுவே, யார்யார் காதிலோ விழும்படி சொன்னீர்கள். ஐந்து ஆண்டுகள் அதற்காகவே காத்திருந்த எனக்கு மட்டும் சொல்லவில்லை. உங்கள் மகள் இதைக் கேட்டு அழுதாள். எவ்வளவு அன்பு பாருங்கோ மாமி என்றாள். அன்புதான். மறுக்கவில்லை. ஆனால் மூன்று சொல் அது. 'நீர் சொன்னது சரி.' அதைச் சொல்லிவிட்டு வேறொன்றைப் பற்றி என்னோடு சண்டை பிடித்திருக்கக் கூடாதா? வாதாட உலகத்தில் பொருளா இல்லை? தோசைமா புளிப்பது பற்றி வாதாடியிருக்கலாம். நான் வாயடைத்துப்போவேன் என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தீர்கள்?

அந்தக் கோபத்தோடுதான் படையல் வைத்தேன். சோறு, வடை, பாயசம், நடுவில் சிவந்த பேரிப்பழம். உங்கள் மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மாமி, அச்சாறு கொஞ்சம் வைக்கேல்லையா? அம்மாக்குச் சொஃப்ட் பழமே பிடிக்காது. மாம்பழம்கூடச் சாப்பிடமாட்டா, காயாத்தான் உப்புத் தொட்டுச் சாப்பிடுவா."

உண்மை. ஐந்து ஆண்டுகள் ஒரே மேசையில் உண்டும், பழுத்த பழமொன்றை நீங்கள் விரும்பி உண்டதை நான் கண்டதில்லை. கொய்யாவைக்கூடச் செங்காயாய்த்தான் கேட்பீர்கள். இத்தனை புத்தகம் வாசித்த நான் அதை மட்டும் வாசிக்காமல் விட்டிருக்கிறேன். "அச்சாறு இல்லை" என்று சொன்னேன்.

இல்லை என்பதற்குக் காரணத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லவேண்டும். கடைசியாக நீங்கள் போட்ட அச்சாறில் ஒரு போத்தல் எனக்கென்று எடுத்து வைத்திருந்தீர்கள். கோபத்தில் நான் மூடியைத் திறக்கவில்லை. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், வீட்டில் எவருமில்லாதபோது, குசினியில் நின்றபடியே அதைத் திறந்தேன். பேக்கரிப் பாணோடு தின்றேன், பின் பாணில்லாமல் தின்றேன். அந்தக் கல்லான காய் கடுகில் ஊறியும் மொறுமொறுவென்று நின்றது. கடையில் வாங்கும் எந்தப் பேரியும் அப்படி நிற்காது; இரண்டு நாளில் குழைந்துவிடும். அதற்குக் காரணம் இந்த இனம், இந்தப் பருவம். நீங்கள் அதை எந்தப் புத்தகமுமின்றிக் கண்டிருந்தீர்கள். போத்தலைக் கழுவிக் கவிழ்த்தேன். எவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆக, சொல்லாமல் வைத்திருப்பதில் நானும் உங்களுக்குச் சளைத்தவளல்லள்.

பழைய பழ இனங்களைப் பேணும் ஒரு சிறு குழுவினர் ஒட்டுக்கட்டுவதற்கு நம் மரத்தின் தண்டுகளைக் கேட்டிருக்கிறார்கள். தண்டோடு ஒரு படிவமும் நிரப்பவேண்டும். இனம், பூர்வீகம், பறிக்கும் காலம், கனியும் காலம் எல்லாவற்றையும் நான் ஆங்கிலத்தில், திருத்தமாக, அகராதியின்றி நிரப்பினேன். 'பயன்' என்ற இடத்தில் 'குளிர்காலத்தில் கனியவைத்து உண்ண' என்று எழுதிவிட்டுப் பேனா நின்றது. பின்பு இன்னொரு வரி சேர்த்தேன்: 'காயாகவே கடுகிட்டு ஊறவைத்தால் அதனினும் சிறப்பு. இதனைக் கண்டவர் என் கணவரின் தமக்கையார், தாவரவியல் ஆசிரியர்.' படித்துப் பார்த்தேன். முன்பின் அறியாதவர்களிடம் சொல்லிவிட்டேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன். நீங்கள் சொன்னதும் சரி.

அதன் பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். சென்ற கோடையில் வளர்ந்த, பென்சில் அளவு தண்டாகத் தேடி, மொட்டுக்கு மேலாகச் சாய்த்து வெட்டவேண்டும். ஒரு கிளையைப் பிடித்து, வெட்டும் இடத்தில் கத்தரிக்கோலை வைத்தேன். வைத்துவிட்டுக் காத்து நின்றேன். எதற்கென்று எனக்கே சற்றுப் பின்தான் புரிந்தது. இந்த வீட்டில் நான் எதை வெட்ட எடுத்தாலும் அங்கே வேண்டாம், இங்கே வெட்டும் என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் வரும். நான் திரும்பி ஏன் என்று கேட்பேன். அரைமணி நேரம் போகும். கை அதற்குப் பழகிவிட்டது.

ஒரு கிளையில் மூன்று தண்டு வெட்டினேன். ஒவ்வொரு தண்டுக்கும் நின்று நின்று வெட்டினேன். மறுப்பு ஒன்றும் வரவில்லை. அதைத்தான், மச்சாள், என்னால் பொறுக்க முடியவில்லை.